இரண்டு சஹன், எட்டுப் பேர்

உயர்தரம் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டை அந்தக் காலத்தில் மூக்காலேயே கண்டுபிடிக்கலாம் என்று சொன்னால், என் வயதுக்காரர்களான நீங்கள் நம்புவீர்கள். என் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். லாம்பெண்ணெய்ப் புகை, கண் மூடாமல் இருக்கக் குடிக்கும் கோப்பி, தலையிடிக்குப் பூசும் தைலம் என்று அந்த வீடுகளுக்கு ஒரு வாசம் இருந்தது. எங்கள் வீட்டிலோ, மணமே இல்லாத ஒன்றிரண்டையும் சேர்த்து, கணக்காக இருபத்து மூன்று வாசங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர்கள். எல்லாவற்றையும் எண்ணிப் பொறுப்பாக வைத்திருந்தவள் பத்து வயதுக்காரியான நான்தான். அதில் ஒன்றைத் தொலைத்தவளும் நான்தான் என்று நாற்பது வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் அது. கல்முனையில் கடலுக்கும் பெரிய றோட்டுக்கும் நடுவில் எங்கள் வீடு. வளவில் நின்ற பதினொரு தென்னையில் இரண்டுதான் மிச்சம். வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தோம். ஊரே உடைந்ததைக் கட்டிப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தபடியால், பசாரில் பெயின்ற் கடை வைத்திருந்த வாப்பாவுக்கு ஓய்வே இல்லை. சாயந்தரம் அவர் வந்து சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டால், நான் போய் அதில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். பெயின்ற் கரைக்கும் தின்னரின் வாசம். எனக்கு அதுதான் வாப்பாவின் வாசம்.

"அது தொலுயீன்டி. முறைப் பெயர் மெதயில்பென்சீன். பயன், பெயின்ற் கரைக்கிறது" என்றாள் ராத்தா.

ராத்தா என் மூத்த சகோதரி. எனக்கும் அவளுக்கும் பத்து வயது இடைவெளி. எங்கள் ஒழுங்கையில் விஞ்ஞானம் படித்த முதல் பெண்பிள்ளை அவள்தான். முதல் தரம் சோதனை எழுதிக் கொஞ்சப் புள்ளியில் பல்கலைக்கழகம் தவறிப் போயிருந்தது. தவறிய இடமும் அவளுக்குத் தெரியும்: சேதன இரசாயனத்தில் அரோமற்றிக்குச் சேர்வைகள், வாசத்தால் பெயர் பெற்ற வளையக் கூட்டம். உருவத்தைத் தந்து, பெயரையும் வீட்டில் அதற்குள்ள பயனையும் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். இவள் எல்லாவற்றையும் குழப்பியடித்துவிட்டு வந்து மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். இரண்டாம் தரத்துக்கு வாப்பா ஓம் என்றார். மூன்றாம் தரம் என்ற கதையே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

வாப்பா ஓம் என்றதற்கு ஒரு காரணம் உண்டு. காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்து இரசாயனம் படிப்பித்த சேர், பென்சீன் என்ற பெயரைத் தோண்டிக்கொண்டு போனால் சாம்பிராணியில் போய் முட்டும் என்றும், சாம்பிராணிக்கு அறபிகள் வைத்த லுபான் ஜாவி என்ற பெயர்தான் தேய்ந்து தேய்ந்து பென்சீன் ஆனது என்றும் வகுப்பில் சொல்லியிருந்தார். ராத்தா இதை வாப்பாவின் காதில் போட்டாள். ஒரு கிழமையாகக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாப்பா அதைச் சொன்னார். "என்ட மகள் படிக்கிறது அறபுல இருந்து வந்த பாடம்" என்று பெயின்ற் ரின்னைத் தட்டித் தட்டிச் சொன்னாராம்.

வீட்டு வேலை முடியாமல் கொப்பியைத் தொட உம்மா விடமாட்டார். அதனால் ராத்தா குசினியையே வகுப்பாக்கினாள். சின்னச் சின்னக் கடதாசித் துண்டுகளில் பச்சை மையால் உருவங்களை மட்டும் கீறினாள். அறுகோணம், நடுவில் வட்டம், மூலைகளில் இலக்கம், பக்கத்தில் ஓரிரண்டு ஆங்கில எழுத்து. பெயரும் பயனும் என் கையிலிருந்த கொப்பியில் இருந்தன. துண்டுகளைச் சோற்றுப் பசையால் போத்தல்களின் அடியில் ஒட்டினாள். மேலே ஒட்டினால் வாப்பா கத்துவார், வருகிற போகிற பெண்கள் கேள்வி கேட்பார்கள். அவளுடைய கண்ணை முந்தானையால் கட்டிவிட்டு நான் ஒவ்வொன்றாக அவள் மூக்குக்குக் கிட்ட நீட்ட வேண்டும். வாசத்தைக் கொண்டு பெயரைச் சொல்லி, உருவத்தை விரலால் காற்றில் கீற வேண்டும். பிறகு நான் போத்தலைக் கவிழ்த்துச் சரிபார்ப்பேன்.

சிவப்புச் சவுக்காரத்துக்குப் பீனோல், கிருமி கொல்ல. தைலத்துக்கு மெதயில் சலிசிலேற்று, உளைவுக்கு. பெருநாளுக்குக் கேக் அடிக்க வாங்கிய வனிலா எசென்சுக்கு, "நாலு ஐதரொட்சி, மூணு மெதொட்சி, பென்சல்டிகைட்டு" என்று அவள் ஒரே மூச்சில் சொல்வாள். நான் அதைச் சொல்லப் போனால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். சாம்பிராணி, கராம்புத் தைலம், வாப்பாவின் தின்னர், அலுமாரியில் உடுப்புக்கு நடுவே போடும் பூச்சி உருண்டை என்று பட்டியல் நீண்டது. மூன்று நைத்திரோ ஏறிய தொலுயீன் வெடிமருந்து. அதற்கு வீட்டில் சாமான் இல்லை. ராத்தா அந்தத் துண்டை வாப்பாவின் கதிரைக்கு அடியில் ஒட்டினாள். காரணம் கேட்டேன். வாப்பாவுக்குக் கோபம் வரும்போது பார் என்றாள்.

ஆசையில் நானும் கற்பூரம், ரேப்பன்ரைன் எண்ணெய், வாழைப்பழ எசென்சு எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மணக்கிறதெல்லாம் அரோமற்றிக் இல்லடி" என்று தள்ளிவிட்டாள். பிறகு தலையிடிக் குளிசை ஒன்றை என் மூக்கில் வைத்தாள். "இஞ்ச பார், ஒரு மணமும் இல்ல. ஆனா இது அரோமற்றிக். உள்ளுக்க வளையம் இரிக்கி."

இவ்வளவும் வந்தும் ஒன்று மட்டும் அவளுக்கு வரவில்லை. ஒதோ, மெற்றா, பரா. வளையத்தில் எது எதற்குப் பக்கத்தில், எது எதற்கு எதிரில் என்பதை மாற்றி மாற்றிச் சொல்வாள். ஒருநாள் பின்னேரம் எங்கள் ஒழுங்கைக் கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தோம். நம் களறிச் சாப்பாடு உங்களுக்குத் தெரியும்: பெரிய சஹன் தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி ஆறு பேர் குந்துவோம். வீட்டுக்கு வந்ததும் ராத்தா அரிசி புடைக்கும் சுளகை எடுத்துக் குசினி நிலத்தில் வைத்தாள். சுற்றி ஆறு சிரட்டை வைத்தாள். அவள் கண் பளபளத்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

"இந்தா, சஹன். ஆறு பேர். நான் ஒண்டாவது ஆள். எனக்குப் பக்கத்துல தோள் முட்ட இரிக்கிறவ ஒதோ. அவளுக்கு அங்கால, எட்டி உப்புக் கேக்கிறவ மெற்றா. நேரெதிர இருந்து என்ட முகத்தப் பாத்துக்கி தின்றவ பரா!"

"அப்ப பூச்சி உருண்டை?" என்றேன். அதன் உருவத்தில் இரண்டு அறுகோணம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பக்கத்தில் இன்னொரு சுளகை ஒட்டி வைத்தாள். "ரெண்டு சஹன். ஒட்டுற எடத்துல ஆள் குந்த ஏலா. மிச்சம் எட்டுப் பேர். ஒண்டுல இருந்து எட்டு வரைக்கும் இலக்கம்."

"சுளக வெச்சி வெளாடாம மாவ அரிங்க" என்றார் உம்மா, திரும்பிப் பார்க்காமலே. அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். உம்மா குர்ஆன் ஓதுவார். தமிழ் எழுத்து அவ்வளவு வராது. மூன்றாம் வகுப்போடு மறித்துவிட்டார்களாம். அதைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதே இல்லை.

சோதனைக்கு ஆறு கிழமை இருக்கும்போது சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சவூதியில் வேலை கிடைத்திருந்தது. விசா வந்துவிட்டது. அவர் போவதற்கு முன்னம், ஒரு மாதத்துக்குள் காவின் எழுதிக் கலியாணத்தை முடிக்க வேண்டும். நல்ல குடும்பம். வாப்பாவுக்கு நிலத்தில் கால் படவில்லை.

"சோதனை எழுதிட்டு..." என்று ராத்தா ஆரம்பித்தாள்.

"கலியாணத்துக்குப் பொறகு மாப்புள விரும்பினா எழுது" என்றார் வாப்பா. அவர் கொடுமைக்காரர் இல்லை. மகளுக்கு நல்லது செய்கிறோம் என்ற சந்தோசத்தில் முகமெல்லாம் பூரித்துப்போய்ச் சொன்னார். அதனால்தான் ராத்தாவால் எதிர்த்துக் கதைக்க முடியவில்லை. உம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொதல் இனிப்பைக் கிண்டத் தொடங்கினார். உம்மாவுக்கும் இதுதான் விருப்பம் என்று நான் முடிவு கட்டினேன். அன்று பின்னேரம் ராத்தா கிணற்றடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

நம் பக்கத்தில் பெண்ணோடு வீடும் சேர்ந்து போவதால், பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை ஐந்து நிமிடம் பார்த்தால் வீட்டை ஒரு மணித்தியாலம் பார்ப்பார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள், சுவரைத் தட்டுவார்கள், போத்தலைத் தூக்குவார்கள், அலுமாரியைத் திறப்பார்கள். அதனால் அவர்கள் வரும் காலையில் ராத்தா என்னைக் கூப்பிட்டு, "எல்லாத் துண்டையும் கழட்டி எடு. இருவத்து மூணும் இரிக்கோணும்" என்றாள்.

நான் ஓடி ஓடிக் கழற்றினேன். வாப்பாவின் கதிரைக்கு அடியில் இருந்ததையும் சுரண்டி எடுத்தேன். எண்ணினால் இருபத்திரண்டு. திரும்ப எண்ணினேன். அலுமாரித் தட்டில் ஒட்டியிருந்த பூச்சி உருண்டையின் துண்டு இல்லை. பசைத் தடம் மட்டும் இருந்தது. சாரிகளுக்கு நடுவில் கையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது.

"சரியா?" என்றாள் ராத்தா.

"ஓம்" என்று பொய் சொன்னேன்.

மாப்பிள்ளையின் தாயாரும் அவரோடு இரண்டு பெண்களும் வந்தார்கள். வட்டிலப்பம் சாப்பிட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் நல்லம் என்றார்கள். பிறகு மாப்பிள்ளையின் தாயார் அலுமாரியைத் திறந்து, கலியாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த சாரிகளில் மேலே இருந்ததை எடுத்து விரித்தார். அதற்குள்ளிருந்து ஏதோ விழுந்தது. முக்கோணமாக மடித்துக் கறுப்பு நூலால் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். அவர் அதைக் கையால் தொடவில்லை. சூனியம் என்று சொல்லிச் சாரியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

வாப்பா ஆளனுப்பிப் பள்ளிவாசலில் ஓதும் லெப்பையைக் கூப்பிட்டார். அவர் நூலை அவிழ்த்துக் கடதாசியை விரித்தார். பச்சை மை. ஒட்டிய இரண்டு அறுகோணம். சுற்றி ஒன்றிலிருந்து எட்டு வரை இலக்கம். லெப்பை நல்ல மனிதர். வயதும் போய், கண்ணும் மங்கிப்போயிருந்தார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். கடதாசியைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், தலைகீழாகத் திருப்பினார். இலக்கத்தை விட்டால் அந்த உருவம் எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"எட்டுப் பக்கமும் காவல் போட்டிரிக்கான். இது நம்மட ஆக்கள்ர வேலயில்ல. மலையாளத்து வேல" என்றார்.

"இல்ல, அது..." என்று ராத்தா வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற உம்மா அவளுடைய காலை மிதித்ததை நான் பார்த்தேன். இன்னும் மானம் போகாமல் இருக்கட்டும் என்று மிதிக்கிறார் என எண்ணிக்கொண்டேன்.

லெப்பை ஒரு பீங்கானில் தண்ணீர் எடுத்து, ஓதி, கடதாசியைப் போட்டார். மை கரைந்து தண்ணீர் பச்சையானது. "பாத்தீங்களா!" என்றார்கள் நின்றவர்கள். அந்தத் தண்ணீரைக் கடலில் ஊற்ற வேண்டும், மஃரிப் தொழுகைக்குப் பிறகு தினமும் குர்ஆனில் யாசீன் ஓத வேண்டும், நாற்பது நாளைக்கு இந்த வீட்டில் நல்ல காரியம் கதைக்கவே கூடாது என்று லெப்பை சொன்னார்.

"நாப்பதுல ஒரு நாளும் கொறயப்படாதா லெப்பை?" என்று உம்மா கேட்டார்.

"ஒரு நாளும் கொறயப்படா."

உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போனார். அழுகிறார் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு நாற்பது நாள் காத்திருக்க முடியாது. விசா காத்திருக்காது. நாகரிகமாகச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார்கள். ராத்தா அந்த நாற்பது நாளும் ஒரு தொந்தரவும் இல்லாமல் படித்து, முப்பத்தாறாவது நாளில் சோதனை மண்டபத்துக்குப் போனாள். அரோமற்றிக்குக் கேள்வி வந்ததாம். விடைத்தாளின் ஓரத்தில் சஹன் கீறிப் பார்த்துவிட்டு எழுதினேன் என்று வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பல்கலைக்கழகம் போனாள். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை எடுத்தாள். முதல் சம்பளத்தில் எனக்குத் தங்க நிற முகம் வைத்த சின்னக் கைக்கடிகாரம் வாங்கி வந்து, "நீ செஞ்சதுக்கு இது காணாது" என்று கட்டிவிட்டாள். போத்தல் நீட்டியதற்கு என்று நினைத்துச் சந்தோசமாக வாங்கிக்கொண்டேன். பிறகு தன்னோடு வேலை செய்தவரையே கலியாணம் முடித்து அங்கேயே இருந்துவிட்டாள். வீட்டை எனக்கே எழுதச் சொன்னாள்.

எல்லாருக்கும் நல்லதாக முடிந்தது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. வாப்பா உடைந்துபோனார். கடை நன்றாக ஓடியது யாருடைய கண்ணையோ குத்திவிட்டது என்று முடிவு செய்து, பசாரில் எதிர்க்கடைக்காரரோடு மூன்று வருடம் கதைக்காமல் இருந்தார். அவர்கள் சின்ன வயதுச் சிநேகிதர்கள். ஒரு நோன்புப் பெருநாளில்தான் பள்ளிவாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த மூன்று வருடமும் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டே போனேன். நான் ஒழுங்காக எண்ணியிருந்தால், ஓம் என்று பொய் சொல்லாமல் இருந்திருந்தால் என்று எத்தனை தரம் நினைத்திருப்பேன். வாப்பா மவுத்தாகும்வரை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு கடதாசி தானாக முக்கோணமாய் மடிந்து கறுப்பு நூலைச் சுற்றிக்கொள்ளுமா என்று யோசிக்கும் புத்தியும் எனக்கு இருக்கவில்லை. குற்றம் செய்தவள் நான்தான் என்று முடிவு கட்டியவளுக்கு அந்த நூல் கண்ணில் படவில்லை.

போன வருடம் மாரிக்கு முன்னம், உம்மாவின் உடுப்பை அடுக்கி வைக்க அதே அலுமாரியைத் திறந்தேன். உம்மாவுக்கு எண்பத்தைந்து. கால்தான் ஏலாது, காதும் வாயும் மூளையும் அப்படியே இருக்கின்றன. புதுப் பூச்சி உருண்டைப் பக்கற்றைப் பிரித்தேன். கட்டிலில் இருந்த உம்மா மூக்கை உறிஞ்சினார்.

"நப்தலீன்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ரெண்டு சஹன் ஒட்டி வெச்ச மாதிரி. எட்டுப் பேர். ஒட்டுற எடத்துல ஆளில்ல."

"உம்மா! ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"ஒன்ட ராத்தா கத்தின கத்துக்குக் கடல்ல நிண்ட தோணிக்காரனுக்கும் தெரிஞ்சிரிக்கும். எனக்கென்ன காது செவிடா? தொலுயீனும் தெரியும். வனிலாவும் சொல்லட்டா?" நாலு ஐதரொட்சியில் தொடங்கி, ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லி முடித்தார். நான் கட்டிலில் குந்திவிட்டேன்.

"அப்ப அண்டைக்கி அந்தத் துண்டு..."

"நாந்தான் எடுத்தன். மடிச்சிக் கட்டினதும் நாந்தான்." பாக்குவெட்டியை எடுத்துப் பாக்கைச் சீவத் தொடங்கினார். "ஒங்கட வாப்பாட முகத்தப் பாத்து வேணாமெண்டு சொல்ல எனக்கு ஏலாமப் பெய்த்து. மனுசன் அவ்வளவு சந்தோசமா இருந்தார். அவளும் கெணத்தடியில நிண்டு அழுறாள். நான் என்ன செய்ய?"

"சூனியமெண்டு ஊரே நம்பிச்சே உம்மா!"

"நம்பினது அவங்கட பாடு. அதுல எழுதியிருந்தது பூச்சி உருண்டை எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியுந்தானே." சீவிய பாக்கை உள்ளங்கையில் சேர்த்தார். "எதிர்க்கடக்காரரோட கதைக்காம இருந்தாரே, அந்த மூணு வருசந்தான் என்ட நெஞ்சில கெடக்கு. அதுக்கு நான் இண்டைக்கும் அல்லாஹ்விட்ட தவ்பா கேட்டுக்கித்தான் இரிக்கன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தொதல் கிண்டியவரின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு, அவருடைய விருப்பம் இதுதான் என்று முடிவு கட்டியிருந்தேனே. அன்று முந்தானையை மூடிக்கொண்டு அவர் அழவில்லை. நாற்பது நாளுக்குள் சோதனை அடங்கிவிடுகிறதா என்று உள்ளே போய் விரல் மடித்து எண்ணியிருக்கிறார்.

அப்போதே ராத்தாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"உம்மாவா?" என்றாள். "நீயெண்டெல்லோடி நான் இவ்வளவு காலமும் நெனச்சிக்கி இருந்தன். பத்து வயசுல எனக்காக இந்த வேல பாத்தாளே எண்டு. வெளியில சொன்னா ஒனக்கு அடி விழுமெண்டு வாயே தொறக்கல்ல. அந்த மணிக்கூடு ஏன் வாங்கித் தந்தன் எண்டு நெனச்சாய்?"

போனை வைத்துவிட்டு என் பெட்டியைத் திறந்தேன். கைக்கடிகாரம் வெல்வெட் பையில் இருந்தது. அதன் தங்க நிறம் போய், ஓட்டமும் நின்று பல வருடமாகிவிட்டது. கொண்டுவந்து உம்மாவின் கையைப் பிடித்துக் கட்டினேன். கை மெலிந்துபோய், கடைசி ஓட்டையிலும் வார் தளர்வாகவே இருந்தது. யாருக்குச் சேர வேண்டியது என்று ராத்தா சொன்னதைச் சொன்னேன். உம்மா கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஓடுதா?"

"இல்ல உம்மா. நிண்டு பெய்த்து."

"கெடக்கட்டும்" என்றார், காதில் வைத்துக் கேட்டபடியே. "எனக்கென்ன சோதனையா இரிக்கி, நேரம் பாக்க?"

அதற்குப் பிறகு அதைக் கழற்ற அவர் விடவில்லை. தொழுகைக்கு ஒளுச் செய்யும்போது மட்டும் கழற்றி என் கையில் தருகிறார். முகத்தைத் துடைத்ததும் கையை நீட்டுகிறார்.